இரண்டாம் மொழிக்கான கட்டம்

ஸ்ருதி போன் செய்தபோது நான் ஒரு ஆளுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது லேசான வேலை இல்லை. எவ்வளவு சிறிய பாத்திரத்தில் வைத்தாலும் மறுநாளைக்கும் மிஞ்சும். அம்மா இருந்தவரை இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

மைசூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். என் நாற்காலியில் இப்போது ஸ்ருதி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். மாதம் ஒரு தடவையாவது ஏதாவது பைலைத் தேடி என்னைக் கூப்பிடுவாள். அவள் பேசுவது கன்னடம். அவள் பேச்சையும், பின்னால் வருகிற சூப்ரண்டு பேச்சையும் பெரும்பாலும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"மேடம், டாக்டர், நர்ஸ், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன்னு கனவோட வர்ற பசங்களுக்கு எந்தப் பாடம் எடுக்கணும்னு ஒரு பக்கம் அச்சடிச்சுக் கொடுக்கணுமாம். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். யாரும் படிக்கமாட்டாங்க."

எழுதித் தருகிறேன் என்றேன். போனை வைக்கப் போனவள் இன்னொன்று கேட்டாள்.

"எல்லாரும் அப்ளிகேஷனை வாங்கினா முதல்ல சயன்ஸ் பாடத்தைப் பார்ப்பாங்க. நீங்க மட்டும் முதல்ல மொழிப்பாடக் கட்டத்தைப் பார்ப்பீங்க. 'இங்கிலீஷ் எங்கே, இங்கிலீஷ் எங்கே'ன்னு நீங்க கேட்டதை நாங்க பின்னாடி நடிச்சுக் காட்டிச் சிரிப்போம், தப்பா நினைக்காதீங்க. அது ஏன் மேடம்?"

அடுப்பில் ரசம் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொங்கவில்லை.

ஸ்ருதி கேட்ட ஒரு பக்கத்தை எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டாவது கேள்விக்கான பதில் அந்தப் பக்கத்தில் அடங்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது டைப்பிஸ்டாக. இரண்டு வருஷம் டைப் அடித்தேன், மூன்று வருஷம் தபால் பார்த்தேன், கொஞ்ச காலம் பரீட்சை ஹால் டிக்கெட்டுகளில் போட்டோ ஒட்டினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு அட்மிஷன் மேஜைக்கு மாற்றினார்கள். மாற்றியவர் நாகராஜப்பா, எங்கள் அலுவலகத்தின் சூப்ரண்டு.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பத்தாவது முடித்தபின் படிக்கிற இரண்டு வருஷத்துக்குக் கர்நாடகத்தில் பி.யூ.சி. என்று பெயர். தமிழ்நாட்டு பிளஸ் டூ மாதிரிதான். இரண்டு மொழிப்பாடம், நான்கு முக்கியப் பாடம். அந்த நான்கின் சேர்க்கையை காம்பினேஷன் என்போம். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் இருந்தால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகலாம். உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் எடுத்தால் அந்தக் கதவு மூடிவிடும். பதினாறு வயதில், பால்பாயிண்ட் பேனாவால், ஒரு விரல் நீளக் கட்டத்தில் இதை எழுதிவிட வேண்டும். கூட வந்த அப்பாவுக்கு அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸியும் உண்டு. மெடிக்கல் நுழைவுத் தேர்வில் தவறியவர்கள், அடுத்த வருஷம் மறுபடி எழுதும்வரை சும்மா இருக்கக் கூடாதே என்று வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்து உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு ஹாஸ்டலும் பஸ் பாசும்தான் குறி. மூன்று வருஷம் அப்படியே ஓடிப்போய், மெடிக்கல் கனவு கரைந்து, "மேடம், இதை வச்சு ஆஸ்பத்திரியில என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டு வருவார்கள். நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ எடுத்திருந்தால் லேப் பக்கம் வழி இருந்திருக்கும். இதைச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்தான். அதற்குத்தான் அந்த மேஜை.

நாகராஜப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, எந்நேரமும் வாயில் ஏலக்காய். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தப்பு செய்தவர் முன்னால் அந்த பைலைத் திறந்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். அவருக்கு ஒரு முறை உண்டு. விண்ணப்பத்தை மேலிருந்து கீழே நிரப்பக் கூடாது என்பார்.

"முதலில் கடைசியைக் கேளுங்கள் ரெஜினாம்மா. என்ன ஆக வேண்டும்? அந்தப் படிப்பின் விதிப் புத்தகத்தை எடுங்கள். யாரைச் சேர்ப்போம் என்று போட்டிருக்கிற வரியைப் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் காம்பினேஷனுக்கு வாருங்கள்."

எழுதுவதும் முதலில் பென்சிலில்தான். பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வர வேண்டும். மறுநாள் மனசு மாறவில்லை என்றால் மசியில் எழுதிக் கையெழுத்து. மற்ற கல்லூரிகளில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை எங்களிடம் இரண்டு நாள். பிரின்சிபால்கள் முணுமுணுப்பார்கள். இவர் ஏலக்காயை மென்றுகொண்டு கேட்டுக்கொள்வார்.

ஒரு தடவை தேவராஜ மொஹல்லாவிலிருந்து ஒரு வெற்றிலை வியாபாரி மகளைக் கூட்டிவந்தார். பெண்ணுக்கு டாக்டராக வேண்டும். ஆனால் தவளை அறுக்க மாட்டாளாம். கம்ப்யூட்டர் போடுங்கள், டாக்டரும் ஆகட்டும் என்றார் அப்பா. மார்க்கெட்டில் கொசுறு கேட்கிற குரல் அப்படியே இருந்தது. நாகராஜப்பா விதியைப் பெண்ணின் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பென்சிலில் எழுதாமலே அனுப்பினார். மறுநாள் வந்தார்கள், திரும்ப அனுப்பினார். மூன்றாம் நாள் அந்தப் பெண் அப்பாவை வெளியில் நிறுத்திவிட்டுத் தனியாக வந்து, "சார், எனக்கு டாக்டராக வேண்டாம், அப்பாவுக்குத்தான் வேண்டும்" என்றாள். கம்ப்யூட்டரே எழுதினோம். வியாபாரி ஒரு மாதம் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

இப்படி இருபது வருஷம். அவரிடம் தொழில் கற்றவள் நான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அம்மா இறந்தது நான் ஐம்பதைத் தாண்டிய பிறகு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் கிடையாது, நாள் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். அம்மாவும் நானும் வீட்டில் தமிழ் பேசுவோம். வாசல் தாண்டினால் கன்னடம், அலுவலகக் கடிதம் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் தமிழ்ப் பூசை உண்டு. ஆனால் பூசை முடிந்து வெளியில் வந்ததும் எல்லோரும் "ஹேகித்தீரா?" என்றுதான் நலம் விசாரிப்பார்கள். எங்கள் ஜனத்தின் பிள்ளைகளுக்குத் தமிழில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. அம்மா போன மறுமாதம் ஒரு நாள் கேஸ் அடுப்பைப் பார்த்து, "ஏண்டி பத்திக்க மாட்டேங்கறே?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட தமிழ் அதுதான்.

அந்த வருஷம் ஜூனில்தான் செல்வி வந்தாள்.

மகளுக்குக் கல்யாணம் என்று நாகராஜப்பா ஒரு வாரம் லீவு. மேஜையில் நான் தனியாக இருந்தேன். பகல் ஒரு மணி இருக்கும். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் கவுண்டருக்கு வெளியில் நின்றார்கள். அப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திக்கித் திக்கிக் கன்னடத்தில் ஆரம்பித்தார். பாதியில் வார்த்தை கிடைக்காமல் மகளைப் பார்த்து, "நீ சொல்லு அம்மிணி" என்றார்.

எனக்கு என்னமோ ஆயிற்று. "தமிழா? எந்த ஊரு?" என்றேன்.

"கோபிநத்தமுங்க. அனூரு தாண்டி, காட்டோரம்" என்றாள் அவள். "கோழி கூப்பிட வண்டி ஏறுனமுங்க."

உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். அதுவரை யாருக்கும் போட்டதில்லை.

"என்னா ஆகணும் உனக்கு?" முதலில் கடைசியைக் கேட்டேன். முறை மறக்கவில்லை.

"நர்ஸ் ஆகோணுமுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எங்கம்மாளை இங்க பெரியாஸ்பத்திரில ஒரு மாசம் வச்சிருந்தமுங்க. டாக்டர் கன்னடத்துல இங்கிலீசுல என்னமோ சொல்லிட்டுப் போயிருவாரு. ஒரு தமிழ் நர்ஸக்கா இருந்தாங்க. அவிங்க வந்து சொன்னாத்தான் அம்மாளுக்கு ஒடம்புக்கு என்னன்னு வெளங்கும். அவிங்க லீவுன்னா அன்னிக்கு அம்மா மருந்தே குடிக்காதுங்க. எங்கூர்ச் சனம் எல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருது. எல்லாம் அப்படித்தான் முழிச்சிட்டு ஒக்காந்திருக்குது."

"இப்ப அம்மா எப்படி இருக்காங்க?"

"இல்லீங்க" என்றாள்.

மார்க் பட்டியலைப் பார்த்தேன். கணக்கும் அறிவியலும் நன்றாக இருந்தன. கன்னடம் பிரமாதம். ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்ததால் தமிழும் எழுதப் படிக்க வரும். இங்கிலீஷில் மட்டும் தத்தித் தத்திப் பாஸ். விதிப் புத்தகத்தை எடுத்து நர்ஸிங் பக்கத்தைத் திறந்தேன். உரக்கப் படி என்று அவளிடம் கொடுத்திருக்க வேண்டும். இங்கிலீஷ் படிக்கத் தடுமாறுகிற பெண்ணை அப்பா முன்னால் படிக்கச் சொல்வானேன் என்று நானே படித்தேன். "இயற்பியல், வேதியியல், உயிரியல்" என்று படித்துப் புத்தகத்தை மூடினேன்.

அந்த வரியில் நான்காவதாக ஒரு சொல் உண்டு. ஆங்கிலம். இருபது வருஷமாக ஆயிரம் தடவை அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் எடுக்காத பிள்ளை எங்களிடம் வந்ததே இல்லை. அதனால் அந்தச் சொல் இருந்தும் இல்லாத மாதிரி என் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது.

மொழிப்பாடத்துக்கு இரண்டு கட்டம். பட்டியலில் உள்ள எந்த இரண்டையும் எடுக்கலாம் என்பது விதி. முதல் கட்டத்தில் கன்னடம். இரண்டாவதில் எல்லோருக்கும் எழுதுவதுபோல் இங்கிலீஷ் எழுதப் போனேன். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இங்கிலீசுல பெயிலாயிருவனோன்னு பயமா இருக்குதுங்க."

எங்கள் கல்லூரியில் அப்போது தமிழும் ஒரு மொழிப்பாடமாக இருந்தது. மூன்று பிள்ளைகள், ஒரு பகுதிநேர ஆசிரியர். சயன்ஸ் பாடம் நான்கும் இங்கிலீஷில்தான் நடக்கப் போகிறது, அந்தச் சுமை போதாதா, மொழிப்பாடத்திலாவது பிள்ளை மூச்சு விடட்டும் என்று சொல்லிக்கொண்டேன். "இங்கிலீஷ் பேடா, விடு. தமிழ் எடுத்துக்கோ. நல்ல மார்க் வரும்" என்றேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

பென்சிலைத்தான் முதலில் எடுத்தேன். நாளைக்கு மறுபடி வரச் சொன்னால் அந்த மனிதர் அத்தனை தூரம் போய்த் திரும்ப வேண்டும். பாவம் என்று பேனாவை எடுத்தேன். இரண்டாம் மொழி: தமிழ். அவள் கையெழுத்துப் போட்டாள். பிரின்சிபால் ஒரு கட்டு விண்ணப்பங்களோடு அதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இரக்கத்தால் செய்தேன் என்று இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன். பாதிதான் உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். இந்தக் கட்டிடத்தில் தமிழ் பேசுகிற ஒரு பெண் இரண்டு வருஷம் இருப்பாள் என்ற நினைப்பு பேனாவை எடுக்கும்போதே எனக்கு இருந்தது.

தமிழ் ஆசிரியர் சாயங்காலம்தான் வருவார், அதனால் மற்ற பிள்ளைகள் இங்கிலீஷ் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அவளுக்கு வேலை இல்லை. லைப்ரரியில் உட்காரச் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்தாள். அதற்கப்புறம் அந்த பீரியட் எங்கள் பேச்சு நேரம் ஆகிவிட்டது. காவேரியில் பரிசல் போகிறது, யானை மக்காச்சோளத்தை மேய்ந்துவிட்டது, ஹாஸ்டல் சாம்பாரில் முங்கித் தேடினாலும் பருப்பு அகப்படாது என்று என்னென்னவோ சொல்வாள். நான் டிபன் டப்பாவை இரண்டாக எடுத்துப் போக ஆரம்பித்தேன். மேடம் என்று கூப்பிட்டவள் மழைக்காலம் முடிவதற்குள் அத்தை என்று கூப்பிட்டாள். அந்த இரண்டு வருஷம் நான் காலையில் எழுந்ததும் கல்லூரிக்குக் கிளம்ப ஆசையாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அது. அது முழுக்க அவளுடைய இங்கிலீஷ் பீரியட்.

இரண்டாம் வருஷ ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. தமிழில் தொண்ணூற்று நான்கு. எனக்கு ஒரு தேங்காய் பர்பி பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நர்ஸிங் கல்லூரிக்குச் சான்றிதழ் சரிபார்க்கப் போனாள். நான் அந்தப் பொட்டலத்தை அலுவலகம் முழுக்கக் கொடுத்தேன், பெற்றவள் மாதிரி.

மறுநாள் மத்தியானம் கவுண்டருக்கு வெளியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அத்தை, இங்கிலீசு எங்கேன்னு கேக்கறாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மார்க் பட்டியலை நீட்டினாள். "பி.யூ.சி.ல இங்கிலீசு பாஸாகாம நர்ஸிங்ல சேர்க்க முடியாதாம். சின்ன நர்ஸிங் டிப்ளமாவுக்கும் அதேதானாம். விதில போட்டிருக்குதுன்னு காட்டுனாங்க அத்தை."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான்காவது சொல் இருந்தது.

நாகராஜப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து ரெக்கார்டு ரூமுக்குப் போய் அவளுடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துவந்தார். மேஜைமேல் விரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மசியில் என் எழுத்து. அடியில் பென்சில் தடம் ஒன்றும் இல்லை. அதை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"ரெஜினாம்மா, ஒரு வழி இருக்கிறது" என்றார். "அடுத்த மாதம் துணைத்தேர்வு. அலுவலகத் தவறால் மாணவிக்கு மொழிப்பாடம் மாறிப்போயிற்று என்று நாம் எழுத்தில் கொடுத்தால், நான் பெங்களூர் போர்டுக்கே எடுத்துக்கொண்டு போகிறேன். இங்கிலீஷை மட்டும் எழுத விடுவார்களா என்று கேட்கிறேன். விடலாம், விடாமலும் போகலாம். ஆனால் தவறு நம்முடையது என்றால்தான் கேட்கவே முடியும். இதை யார் சொல்லி எழுதியது?"

என்னைத்தான் பார்த்தார். செல்வியும் என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"அத்தை, நீங்கதானே இங்கிலீசு வேண்டாம்னு சொன்னீங்க. சார்கிட்டச் சொல்லுங்க."

முப்பது வருஷ சர்வீசில் எனக்கு ஒரு மெமோ கிடையாது. ஓய்வுக்கு ஐந்து வருஷம் இருந்தது. எழுத்தில் கொடுத்தால் விசாரணை வரும், பிரின்சிபால் கூப்பிடுவார், பென்சில் எங்கே என்பார்கள், அந்த பீரியட்களில் பெண் எங்கே இருந்தாள் என்பார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடிற்று. நான் விண்ணப்பத்தின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்தேன்.

"நீதானே கையெழுத்துப் போட்டிருக்கே" என்றேன்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை என்பார்கள். நான் பறித்தது அன்றைக்கு.

அவள் அழவில்லை. மார்க் பட்டியலை வாங்கி, மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகப் போட்டாள். "சரிங்க மேடம்" என்றாள். போய்விட்டாள். நாகராஜப்பா பைலை மூடினார். எனக்கும் அவருக்கும் அதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அடுத்த அட்மிஷனுக்கு அந்த மேஜையில் வேறொருவரை உட்காரவைத்தார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான் நான் திரும்ப அங்கே வந்தேன். அதிலிருந்து விண்ணப்பத்தை வாங்கினால் முதலில் மொழிப்பாடக் கட்டத்தைப் பார்த்தேன். ஸ்ருதி, நீ நடித்துக் காட்டிச் சிரித்தது இதைத்தான்.

செல்வியின் ஹாஸ்டல் தோழி ஒருத்தி பி.எஸ்ஸிக்கு எங்களிடமே வந்தாள். அவள் சொல்லித் தெரிந்தது: செல்வி லேப் டெக்னீஷியன் டிப்ளமா படித்தாள், அதற்கு மட்டும் இங்கிலீஷ் கேட்கவில்லை. இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் தெருமுனையிலேயே லேப் இருக்கிறது. இருந்தாலும் இரண்டு தடவை நஞ்சன்கூடு போய், கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் ஒரு காபி குடித்துத் திரும்பியிருக்கிறேன்.

ஸ்ருதி போன் செய்த மறுநாள் வெறும் வயிற்றோடு காலை ரயிலில் கிளம்பினேன். இந்தத் தடவை கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

வெள்ளைக் கோட்டில் அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். என் சீட்டை வாங்கிப் பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"திண்டி மாடித்தீரா மேடம்?" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கன்னடத்தில்.

"இல்லம்மா. செல்வி, நான் ரெஜினா அத்தை."

"கொத்து மேடம்." தெரியும் என்றாள். "கை நீடி."

கையை நீட்டினேன். ரயிலில் வரிசையாகக் கட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நான்தான் இங்கிலீஷ் வேண்டாம்னேன். சார்கிட்ட நான் சொல்லியிருக்கணும்" என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

அவள் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டிப் பார்த்தாள். "கை அலுகாடிஸ்பேடி மேடம்." கையை ஆட்டாதீர்கள். ஊசி போனதே தெரியவில்லை. அத்தனை பூப்போல எனக்கு யாரும் ரத்தம் எடுத்ததில்லை. பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டு, கண்ணாடிக் குழாயில் என் பெயரை எழுதி ஒட்டினாள்.

"ரிப்போர்ட்டு வாட்ஸாப்பல்லி பருத்தே. மத்தே பரோது பேடா" என்றாள். ரிப்போர்ட் வாட்ஸாப்பில் வரும், மறுபடி வர வேண்டாம். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் சொல்வதுதான்.

எழுந்து பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த டோக்கன் ஒரு பெரியவர். தோளில் துண்டு, கையில் கசங்கிய சீட்டு. எங்கே உட்கார்வது என்று தெரியாமல் தமிழில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

"வாங்கய்யா, இப்படி ஒக்காருங்க" என்றாள் செல்வி. "எந்த ஊருங்க? கொள்ளேகாலத்துப் பக்கமா? அதானே பாத்தேன். போன தடவ எடுத்த ரிப்போர்ட்டைக் குடுங்க பாக்கலாம். டாக்டர் என்ன சொன்னாருன்னு வெளங்குச்சா? வெளங்கலியா? சரி, நான் சொல்றேன் கேளுங்க. இந்தா, இது போன மாசத்துச் சக்கரை. இது இவ்வளவு இருக்கக் கூடாதுங்கய்யா. ராகிக் களி தின்னலாம், பயப்படாதீங்க, ஆனா ராத்திரிக்குக் கொஞ்சமா..."

பெரியவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அவர் ஏதோ கேட்க, அவள் சிரித்தாள். கோபிநத்தத்துப் பேச்சு அப்படியே இருந்தது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

பஞ்சை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. மறுபடி பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு, அந்தப் பெரியவர் எழுந்து போகும்வரை உட்கார்ந்து கேட்டேன்.